சுவரில் ஒட்டிய கட்டுரை

18.02.2026, புதன்

ஏழாம் வகுப்பில் இன்று வேட்டை பற்றிய பாடம். வனவிலங்குச் சட்டம், தண்டனை எல்லாம் கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பினால் விக்னேஷ்குமார் எழுந்து நிற்கிறான். "டீச்சர், பன்னியச் சுட்டா நமக்கு ஜெயிலு. பன்னி எங்க சோளத்தத் தின்னா யாருக்கு ஜெயிலு?" வகுப்பே சிரித்தது, நானும்தான். புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை.

மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்குக் காட்டைப் பற்றித் திண்டுக்கல் டவுன்காரி நான் சொல்லித்தருவதாவது! வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டேன்: 'எங்கள் வீட்டில் காட்டு விலங்கை எப்படிப் பார்க்கிறோம்?' உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், யாரும் திட்டமாட்டார்கள் என்று வாக்கும் கொடுத்தேன்.

பிறை தெரிந்தால் நாளை முதல் நோன்பு.

20.02.2026, வெள்ளி

முப்பத்தொரு கட்டுரைகள். பாதிக்கு மேல் 'மரம் நமது நண்பன்'தான். விலங்கைக் கேட்டால் மரம்! ஆனால் தமிழ்மதி எழுதியதை மூன்று முறை படித்தேன். அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"சிவராத்திரி கழிச்சு எங்க ஊர்ல சாமி கும்பிட்டுட்டு பாரி வேட்டைக்குப் போவாங்க. எங்கப்பாதான் வலை கட்டுவாரு. இந்த வருஷம் மூணு முயல். எல்லா வீட்டுக்கும் கூறு போட்டாங்க. ஆம்பள இல்லாத வீட்டுக்கும் ஒரு கூறு உண்டு. செனையா இருக்கிற முயல் விழுந்தா விட்டுருவாங்க. எனக்கு முயலோட கண்ணப் பாத்தா பாவமா இருக்கும். கறி பிடிக்கும்."

பதினோரு வருஷ சர்வீஸில் இப்படியொன்று என் கைக்கு வந்ததில்லை. அறிவியல் நாள் கண்காட்சியில் இதுதான் நடுநாயகம். ஒரு பக்கம் சட்டம் சொல்வது, மறுபக்கம் ஊர் சொல்வது. நான் நல்ல டீச்சர். என் நோட்டில் எழுதிக்கொள்ள எனக்கென்ன வெட்கம்?

27.02.2026, வெள்ளி

கண்காட்சி அமோகம். விருந்தினராக வந்த வனவர் தமிழ்மதியின் சார்ட் முன்னால் வெகுநேரம் நின்றார். போனில் படம் எடுத்துக்கொண்டார். "நல்லா எழுதியிருக்கா இந்தப் பொண்ணு" என்றார். தலைமையாசிரியை புவனேஸ்வரி மேடம் எனக்குக் கை கொடுத்தார். நோன்பிருந்த களைப்பே தெரியவில்லை.

02.03.2026, திங்கள்

தமிழ்மதி வரவில்லை. விக்னேஷ்குமார்தான் சொன்னான். சனிக்கிழமை காலையில் ஜீப் வந்ததாம். வலையை எடுத்துக்கொண்டு அவள் அப்பா சுருளிவேலையும் ஏற்றிப் போனார்களாம். கேஸ் எழுதிவிட்டுச் சாயங்காலம்தான் விட்டார்களாம்.

பேரோடு ஒட்டினேனே! பேர், வகுப்பு, பிரிவு – எல்லாம் ஸ்கெட்ச் பேனாவில், என் கையாலேயே. புத்தி எங்கடி போச்சு உனக்கு, தாஹிரா? ஊருக்கு அது சாமி காரியம். எனக்கு நல்ல கட்டுரை. வனவருக்கு அது வாக்குமூலம். மூன்றாவதை நான் ஏன் யோசிக்கவில்லை?

03.03.2026, செவ்வாய்

பள்ளி விட்டதும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுருளிவேல் முகம் கொடுக்கவில்லை. மோட்டார் போடணும் என்று தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டார். தமிழ்மதியின் அம்மா ராமுத்தாய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நோன்பு என்றேன். "அப்பச் செத்த நேரம் நெழல்லயாவது உக்காருங்க." அவ்வளவு கோபத்திலும் அந்த மரியாதை. எனக்குத்தான் தாங்க முடியவில்லை.

"புள்ள உள்ளத எழுதுச்சு. நீங்க அதச் சுவத்துல ஒட்டிட்டீக. பெத்த அப்பனயே காட்டிக் குடுத்தவனு தெருவே பேசுது. பள்ளிக்கூடமே வேணாங்குறா. நெலக்கோட்டைல என் தங்கச்சி வீட்டுல விடப் போறோம், மல்லியப் பூ எடுத்துப் பொழச்சுக்கட்டும்."

பூ எடுக்கவா? அந்தப் பிள்ளையா? வாசலில் நின்று, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னேன்: "காட்டிக் குடுத்தது அவ இல்ல. நான்!" கதவுக்குப் பின்னால் தமிழ்மதியின் கால்கள் மட்டும் தெரிந்தன. நகரவில்லை.

04.03.2026, புதன்

வன அலுவலகத்துக்குப் போனேன். வனவர் மரியாதையாகத்தான் பேசினார். "எங்க வேலைய நாங்க பாக்கணும்ல மேடம்?" சரிதான். நான் பாடம் நடத்திய அதே சட்டம். கேஸை எடுக்க முடியாதாம். பிள்ளையின் வீட்டுப்பாடத்தைச் சாட்சியாகச் சேர்க்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் என் கண் முன்னாலேயே படத்தை அழித்தார். வலை ஒன்றே போதுமாம்.

09.03.2026, திங்கள்

வந்துவிட்டாள்! ராமுத்தாயே கொண்டுவந்து விட்டார். "பரீட்ச முடியட்டும், அப்புறம் பாப்போம்" என்றார்.

10.03.2026, செவ்வாய்

வகுப்பிலேயே பத்து வரி எழுதச் சொன்னேன், பிடித்த விலங்கைப் பற்றி. தமிழ்மதி எழுதியது: "முயல் ஒரு சாதுவான பிராணி. அது கேரட்டை விரும்பி உண்ணும். நாம் முயலைப் பாதுகாக்க வேண்டும்."

ஒரு பிழை இல்லை. இந்தக் கன்னிவாடிப் பக்கம் எந்த முயல் கேரட்டைக் கண்டது? கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

11.03.2026, புதன்

அழுது என்ன ஆகப்போகிறது? நானே ஒரு கட்டுரை எழுதி வகுப்பில் படித்தேன். என் அத்தா அப்துல் ஹக்கீமுக்குத் தோல் மண்டி. ஆட்டுத்தோல் வியாபாரம்தான் என்னைப் படிக்க வைத்தது. ஆறாவது படிக்கும்போது பக்ரீத் ஆட்டுக்கு ராஜா என்று பேர் வைத்துக் கொஞ்சினேன். அறுத்த அன்று காலையில் விழுந்து புரண்டு அழுதேன். மத்தியானம் பிரியாணி தின்றேன். வேட்டை தப்பு என்று உங்களுக்குச் சொன்ன அன்றைக்கு இதை நான் சொல்லவில்லை என்று படித்து முடித்தேன்.

"எத்தன தட்டு டீச்சர்?" – விக்னேஷ்குமார்தான், வேறு யார். "ரெண்டு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தமிழ்மதி சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

13.03.2026, வெள்ளி

மதிய இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் நாலாக மடித்த தாள். "படிச்சுட்டு எங்கிட்டயே குடுத்துருங்க டீச்சர்." தள்ளிப் போகாமல் அங்கேயே நின்றாள்.

இரண்டு பக்கம், பென்சிலில். மெதுவாகப் படித்தேன். மதிப்பெண் போடவில்லை. மடித்த மடிப்பு கலையாமல் திருப்பிக் கொடுத்தேன்.

என்ன எழுதியிருந்தாள் என்பதை இந்த நோட்டில்கூட எழுதப்போவதில்லை.