கழுதை கேட்டு எழுதிய கடிதம் சம்மதக் கடிதம் ஆகாது

அனுப்புபவர்:
திருமதி றோசா பேனாட்,
கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்,
கியூபெக், கனடா.

பெறுபவர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம், மருதஞ்சோலை,
மன்னார் மாவட்டம், இலங்கை.

பிரதி: காணி உத்தியோகத்தர், கிராம அலுவலர்.

விடயம்: காலஞ்சென்ற என் தகப்பனார் சூசைப்பிள்ளை அவர்களின் அனுமதிப்பத்திரக் காணியில் என் பங்கை நான் விட்டுக்கொடுத்ததாகக் காட்டி, என் பழைய கடிதமொன்றின் ஒரு பக்கத்தை மட்டும் தங்கள் கந்தோரில் கொடுத்தது பற்றியது.

மதிப்பிற்குரிய ஐயா,

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கந்தோருக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்துப் பிழையைத் தாங்கள் பொறுக்கலாம். நடந்த பிழையைப் பொறுக்க வேண்டாம் என்று கேட்டு இதை எழுதுகிறேன்.

1. எங்கள் ஐயாவுக்கு 1974 ஆம் ஆண்டு அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி அரை ஏக்கர். அவர் 1997 இல் காலமானார். தனக்குப் பின் யாருக்கு என்று பெயர் குறித்துவிட்டுப் போகவில்லை. அவருக்குச் சாகும் நினைப்பே இருக்கவில்லை. அம்மா அதற்கு முந்தியே போய்விட்டார். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவள் நான், அடுத்தவர் தம்பி அன்டன், கடைசி தங்கை ஜெனாட். அன்டன் தன் மனைவியின் வீட்டில் மன்னார் ரவுணில் இருக்கிறார். நான் இங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் தரை துடைக்கிறேன். காணியில் இருப்பது ஜெனாட் மட்டும். சண்டை முடிந்து 2010 இல் கூரைக்கு ஒரு தறப்பாளோடு திரும்பி வந்து, கிணற்றைத் தானே இறைத்துத் துப்புரவாக்கி, தையல் மெசினை மிதித்து மிதித்து இரண்டு அறை எழுப்பியவள் அவள். கலியாணம் செய்யவில்லை. அவளுக்கு வேறு கூரை இல்லை.

2. கடந்த மார்ச் 11 ஆம் திகதி தங்கள் கந்தோரில் நடந்த விசாரணையில், காணி முழுவதையும் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி அன்டன் கேட்டிருக்கிறார். வீதிக்குத் தார் ஊற்றிக் காப்பெற் போட்டபின் அந்த இடத்தில் ஒருவர் கலியாண மண்டபம் கட்டக் கேட்கிறாராம். மற்ற இரண்டு பிள்ளைகளின் சம்மதமும் வேண்டும் என்று தங்கள் காணி உத்தியோகத்தர் சரியாகவே சொல்லியிருக்கிறார். அதற்கு என் தம்பி, 14.07.2002 அன்று நான் எழுதிய கடிதத்தின் பிரதியைச் சம்மதக் கடிதம் என்று நீட்டியிருக்கிறார். தங்கள் கந்தோர் அதை வாங்கி, சீல் குத்தி, காணிக் கோவையில் கோத்துப் போட்டுவிட்டது.

(இதில் அன்டனை 'அவர்' என்று எழுதுகிறேன். அவருக்கு மூக்குச் சிந்திவிட்ட கை இது. கந்தோருக்கு எழுதுவதால் மரியாதை கொடுக்கிறேன், வேறொன்றுமில்லை.)

3. சீல் குத்திய அந்தத் தாளை அன்றைக்கே ஜெனாட்டுக்குக் காட்டியிருக்கிறார்கள். "உன்ரை அக்காவே வேண்டாம் எண்டு எழுதிப்போட்டா, நீ என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?" என்று அன்டன் கேட்டாராம். அவளும் கையொப்பம் வைத்துவிட்டாள். ஓகஸ்ட் 31 ஆம் திகதிக்குள் வீட்டை விட வேண்டும் என்று பேச்சு. அன்று பின்னேரம் அந்தத் தாளைப் படமெடுத்து வைபரில் எனக்கு அனுப்பி, கீழே இப்படி எழுதியிருந்தாள்:

"உனக்கு எல்லாம் பகிடி அக்கா. நீ சிரிச்சுச் சிரிச்சே என்னைத் தெருவில விட்டிட்டாய்."

அதற்குப் பிறகு அவள் என் அழைப்பை எடுக்கவில்லை. இரண்டு மாதம் ஆகிறது.

4. ஐயா, அந்தத் தாளில் உள்ளது என் எழுத்துத்தான். மறுக்கவில்லை. அதில் உள்ளபடி:

"என்ரை தங்க ராசா அன்டன், ஐயா விட்ட காணி முழுக்க நீயே ஆண்டுகொள். எனக்கு ஒரு துண்டும் வேண்டாம்."

அதோடு முன்பக்கம் முடிகிறது. என் எழுத்து பெரிய எழுத்து, நாலு வரி எழுதினால் தாள் நிரம்பிவிடும். சுகம் விசாரித்தது, இங்கத்தைய குளிரைத் திட்டியது எல்லாம் மேலே போக, கீழே இவ்வளவுக்குத்தான் இடம் இருந்தது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதியது இது:

"ஒரேயொரு மன்னார்க் கழுதையை மட்டும் பிளேனில ஏத்தி அனுப்பிவிடு. அன்டன் எண்டு பேர் வைச்சு வளர்க்கிறன். உன்ரை ஞாபகம் வரேக்க எனக்குப் பார்க்க ஒரு முகம் வேணுமெல்லோ."

என் பெயரும் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே தாங்கள் கோவையில் வைத்திருக்கும் சம்மதக் கடிதத்தில் கையொப்பமே இல்லை. கையொப்பம் இல்லாத தாளை எந்தக் கந்தோரும் ஏற்காது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பிறப்புச் சாட்சிப் பத்திரம் எடுக்கப் போன காலத்தில் ஒரு கையொப்பம் சரிந்து கிடந்ததற்காக என்னை மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள். இந்தத் தாளைத் திருப்பிப் பார்க்க மட்டும் அங்கே ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லைப் போலும். வேலைப்பளு அப்படி இருந்திருக்கும்.

5. அது பகிடி என்று அன்டனுக்குத் தெரியாதா என்று தாங்கள் கேட்கலாம். தெரியும். அதற்கு அவர் எழுதிய பதில் என்னிடம் இருக்கிறது. என் கணவர் பேனாட் பனிக்குப் போடும் சினோ பூட்ஸ் வாங்கிய அட்டைப்பெட்டிக்குள் ஊர்க் கடிதம் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தார். 02.10.2002 திகதியிட்டு, கையொப்பத்தோடு, என் தம்பி எழுதியது:

"அன்புள்ள அக்கா, கழுதையைக் கூட்டிக்கொண்டு எம்பசிக்குப் போனனான். விசா இல்லையாம். பிரெஞ்சு தெரியாதாம். உனக்கு மட்டும் என்னெண்டு குடுத்தவங்களோ தெரியேல்லை. பகிடி கிடக்கட்டும். ஐயாவின்ரை காணி மூண்டு பேருக்கும்தான். கிணத்துப் பக்கம் சின்னவளுக்கு. றோட்டுப் பக்கம் எனக்கு. நடுவிலை உன்ரை பங்கு. நீ வரும்வரைக்கும் அதிலை நான் ஒரு கோழிக்கூடு கூடப் போடமாட்டன். மாதா சத்தியம்."

கோழிக்கூடு போடாதவர் கலியாண மண்டபம் போடப் போகிறார்.

6. இந்த இடத்தில் ஒரு விடயம் சொல்ல வேண்டும். காணிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தள்ளிவிடாமல் வாசிக்கவும்.

நான் துடைக்கும் நூலகத்தில் இந்த மாரிக் குளிருக்குள் ஒரு கண்காட்சி வைத்தார்கள். இங்கிலாந்தோடு ஒட்டிய வேல்ஸ் என்ற நாட்டில் நானூறு வருடத்துக்கு முன் இருந்த ஒரு நிலக்காரக் குடும்பத்தின் கடிதங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வெளிச்சம் கூடப்படாமல் காக்கிறார்கள். காலையில் நான் கண்ணாடி துடைக்கும்போது, அந்தத் தாள்களுக்குப் பொறுப்பான பெண்பிள்ளை, பிரெஞ்சு மொழியில், எனக்கு விளங்கும் வேகத்தில், என்னென்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுவாள். வேலி தள்ளிப் போட்ட சண்டை. அடுத்த வளவுக்குள் போன மாடு. மச்சாள்காரியின் வாய். சீதனம் எங்கே என்ற கேள்வி. எங்கள் வீட்டுக் கடிதங்களேதான், தாளின் நிறம் மட்டும் வேறு.

அதிலே ஒரு தங்கை தன் தமையனுக்கு எழுதியிருக்கிறாள்: வீடு உனக்கு, மாவு அரைக்கும் ஆலை உனக்கு, புல்வெளி உனக்கு, அதன் மேல் பெய்கிற மழையும் உனக்கே, அந்த மழையை வேறு யாரும் வேண்டமாட்டார்கள், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று. நான் துணியை வைத்துவிட்டு நின்றேன். பிறகு என்ன நடந்தது, அவளை வீட்டை விட்டு வெளியேற்றினார்களா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை பெட்டியின் மற்றப் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தாளின் முதுகு தெரிகிற மாதிரிக் கீழே ஒரு கண்ணாடி வைத்திருந்தார்கள். கிடைத்த கடிதத்தின் முதுகில் குறிப்பு எழுதுவது அந்தக் காலத்து வழக்கமாம். தமையன் தன் கையால் எழுதியிருந்தது: "தங்கையின் வழமையான பகிடி. அப்பா சொன்னபடி அவளுடையது அவளுக்கு."

ஐயா, நானூறு வருடம் போய், எழுதியவளும் வாசித்தவனும் மண்ணாகிப்போன பிறகும், அவள் பகிடி விட்டாள் என்பது உலகத்துக்குத் தெரிகிறது. எனக்கு இருபத்துமூன்று வருடம்தான். எழுதியவளும் உயிரோடு, வாசித்தவரும் உயிரோடு.

7. அன்டனோடு ஒரு தரம் தொலைபேசியில் கதைத்தேன். அவர் சொன்னது: "அக்கா, நீ எழுதினது நீ எழுதினதுதானே. நான் என்ன கள்ளக் கடிதமா குடுத்தனான்?" நான் சொன்னேன், "ஓம் ராசா, அப்ப கழுதை எங்கை? இருபத்துமூண்டு வருசமாய் எயார்போட்டிலை நிக்கிறன்." அவர் சிரிக்கவில்லை. தொடர்பைத் துண்டித்துவிட்டார். அதற்குப் பிறகு என் இலக்கத்திலிருந்து அழைப்பு எடுபடுவதில்லை.

8. என் பக்கத்துப் பிழையையும் சொல்லிவிடுகிறேன். செத்த வீட்டிலும் பகிடி விடுகிற வாய் என்னுடையது. விசா நேர்முகத்தில் பகிடி விட்டு என் மனுவே ஒருதரம் தள்ளிப்போனது. ஜெனாட் என்னை நம்பாததற்கு அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பாதித் தாளையும் அதன் மேல் அரசாங்கச் சீலையும் கண்டவள், மற்றப் பாதியில் ஒரு கழுதை நிற்கும் என்று எப்படி நினைப்பாள்? ஆனால் பகிடி விடுகிறவளுக்குக் காணி உரிமை இல்லை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்று நினைக்கிறேன். இருந்தால் அறியத்தரவும்.

9. ஆகவே தங்களிடம் நான் கேட்பது:

என் பெயரில் கோவையில் உள்ள அந்த அரைத்தாளைச் சம்மதக் கடிதமாகக் கொள்ளாமல் நீக்க வேண்டும். மூலக் கடிதத்தை இரண்டு பக்கமும் தெரியக் கொண்டுவரும்படி அன்டனுக்குக் கட்டளையிட வேண்டும். தொலைந்துவிட்டது என்று சொல்வார். பிரதி எடுக்கக் கிடைத்த தாள் எப்படித் தொலைந்தது என்று கேட்கவும்.

அந்தத் தாளைக் காட்டி ஜெனாட்டிடம் வாங்கிய கையொப்பத்தையும் செல்லாது எனக் குறித்து, மூன்று பேரையும் மறுபடி விசாரிக்கும்வரை யாரும் அவளை வீட்டிலிருந்து எழுப்பக்கூடாது என்று ஓகஸ்ட் 31 க்கு முன் எழுத்தில் கொடுக்க வேண்டும். என் பங்கு வேண்டுமா என்று என்னைக் கேட்டால், வேண்டும். அதில் என் தங்கை இருக்க வேண்டும் என்பதற்காகவே வேண்டும். இது நான் சுயபுத்தியோடு எழுதுகிற சம்மதக் கடிதம், கீழே கையொப்பமும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அடுத்த விசாரணையில் ஜெனாட்டையும் இருத்தி வைத்துக்கொண்டு, இத்துடன் இணைத்திருக்கும் 2002 ஆம் ஆண்டுப் பதிலை அன்டனின் கையில் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லவும். "பிரெஞ்சு தெரியாதாம்" என்ற இடம் வரும்போது அவருடைய முகத்தைப் பார்க்கவும். சின்ன வயதில் பூசைக்கு நடுவில் சிரித்து என்னோடு சேர்ந்து மாதா கோயில் வாசலில் தண்டனையாக முழங்காலில் நின்றவர் அவர். சிரிக்காமல் வாசித்து முடித்தாரென்றால், எனக்குத் தம்பி என்று ஒருவர் இல்லை என்று கோவையில் எழுதிக்கொள்ளுங்கள். காணி விடயத்தை அப்போதும் தாளின் இரண்டு பக்கத்தையும் பார்த்தே முடிவு செய்யவும்.

தங்கள் முடிவைக் கந்தோர் முறைப்படி அனுப்பி வைக்கவும். அதில் ஒரு வரி கூடுதலாக எழுத முடியுமானால், கழுதை என்ற சொல் வந்த இடத்தில் என் தங்கை சிரித்தாளா இல்லையா என்பதை மட்டும் எனக்கு அறியத்தரவும்.

இப்படிக்கு,
தங்கள் நீதியை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) றோசா பேனாட்

இடம்: மொன்றியல்
திகதி: 19.05.2025

இணைப்பு: அன்டன் 02.10.2002 அன்று எழுதிய கடிதம், முன்பக்கமும் பின்பக்கமும். ஜெனாட் வைபரில் அனுப்பிய படம்.

குறிப்பு: இம்மனுவைத் தாள்களின் ஒரு பக்கத்தில் மட்டுமே எழுதியிருக்கிறேன். பின்பக்கத்தில் ஒன்றுமில்லை.