ஆடிக் காற்றில் தென்னைமேல் ஏறியவனுக்கு

இன்று காலை கடைக்குள் புது நைலான் வாடை அடித்தது. நீ வாங்கி, உறையைக்கூடக் கிழிக்காமல் ஆணியில் மாட்டிவைத்தாயே, மரமேறும்போது கட்டுகிற பாதுகாப்பு பெல்ட், அதை இன்றுதான் பிரித்தேன். பிரித்ததும் உன்மேல் வந்த கோபத்தில், நீ மட்டும் எதிரில் நின்றிருந்தால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன் மாப்ள. செத்துப்போனவன் என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

கேபிள் டிவிப் பிழைப்பில் மண் விழுந்தபிறகு நாம் இருவரும் சேர்ந்து ஆரம்பித்த தொழில் இது. கேபிள் இன்டர்நெட் வேலந்தாவளத்தில் நம் கடையோடு நின்றுவிடும். தோப்புகளுக்குள் சிதறிக் கிடக்கும் சில வீடுகளுக்காகப் பள்ளம் தோண்ட எந்தக் கம்பெனிக்கும் மனசில்லை. அதனால் கடை மொட்டைமாடியில் ஒரு ரேடியோ பெட்டி, தோப்புப் பக்கம் ஒரு பெட்டி. இரண்டும் மறைப்பில்லாமல் ஒன்றையொன்று பார்த்தால் காற்றிலேயே லைன் ஓடும். ஆனால் பெருமாட்டிப் பக்கம் எந்த வீட்டு மாடியில் ஏறினாலும் தென்னை மறைத்தது.

இரும்புக் கம்பம் நடலாம் என்றேன். நீ சிரித்தாய். "ஏண்டா, சாமி வெச்ச டவரு தோப்பு பூரா நிக்குது. நீ இரும்பு வாங்கறேங்கறயே!"

அங்கே ஒரு தோப்புக்காரரின் தென்னைகளில் உயரமானதாகப் பார்த்துப் பெட்டியை இறுக்கினாய். மரத்துக்குப் பதிலாக அவர் வீட்டுக்கு இலவச லைன். தோப்புக்கு அந்தப்புறம் கள் இறக்குகிறவர்கள் இருக்கும் காலனிக்கும் அதே பெட்டியிலிருந்துதான் போனது. பங்குனியில் மாட்டினோம். ஒரு ஓலை அசையவில்லை, படம் அப்படி ஓடியது. கணவாய்க் காற்றிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு மடையன்களுக்கு, ஆடி என்று ஒரு மாதம் வரும் என்பது மறந்தே போய்விட்டது!

காற்றில் மரம் ஆடினால் பெட்டி முகம் திருப்பிக்கொள்ளும். லைன் போகும். உடனே தோப்புக்காரரின் போன் வரும், நீ ஓடுவாய். காற்று நிற்கட்டும் என்று நான் கத்துவேன். "அந்த மனுசன் முறுக்கிக்கிட்டா காலனிக்கு லைன் போயிருமேடா. புள்ளைங்க படிப்பு என்னாகறது?" என்பாய்.

அன்று அவர் மகனுக்குப் பார்த்திருந்த பெண் வீட்டார் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் பேச இருந்தார்களாம். "மானம் போகுதப்பா, சட்டுனு வா" என்றார். பெல்ட்டை எடுத்துப் போ என்றேன். "அதைக் கட்டி முடிக்கறதுக்குள்ள அவரு இன்னும் நாலு தடவ கூப்புட்டுருவாரு" என்று சொல்லிக்கொண்டே பைக்கை உதைத்தாய். நான் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னால் வந்து சேர்ந்தபோது மரத்தடியில் கூட்டமாக இருந்தது.

உன்னை எடுத்த அன்றே அந்த ஆளிடமிருந்து எனக்குப் போன். துக்கம் கேட்கத்தான் என்று நினைத்தேன். "அதெல்லாம் செரி, இனி அந்தப் பொட்டிய ஆரு திருப்பறது?" என்றார். பாவி! கருமாதிக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "லைனப் பாருன்னேன், மரத்துல ஏறுன்னா சொன்னேன்?" என்று ஊரெல்லாம் பேச்சு வேறு. காற்று அடங்கியபின் ஆள் வைத்துப் பெட்டியைத் திரும்ப நேராக்கினேன். அவருக்காக இல்லை, காலனிக்காக.

இதோ மறுபடி ஆடி. காலையில் அவர் கூப்பிட்டார்.

"பொட்டி திரும்பிக்கிச்சு. ஏறிப் பாரு."

"காத்து நின்னதும் வர்றனுங்க."

"அப்பிடீன்னா உன்ற பொட்டிய என்ற மரத்துலிருந்து கழட்டீட்டுப் போயிரு."

அப்போதுதான் பெல்ட்டின் உறையைக் கிழித்தேன். காலனிப் பிள்ளைகளை நினைத்து நானும் ஏறிவிடத்தான் போனேன். மரத்தடியில் அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் மட்டைகள் சுழன்று அடித்தன. கால் தரையை விட்டு எழவில்லை. நேராக அவர் வீட்டு வாசலுக்குப் போய், "முடியாதுங்க. காத்து நின்னதும் கழட்டிக்கறேன். ஒருத்தன் செத்தது பத்தாதுங்களா?" என்று தோப்பே கேட்கக் கத்திவிட்டுக் காலனிக்கு நடந்தேன்.

அங்கே முதல் வீட்டில் ஒரு பெண் நர்சிங் நுழைவுத்தேர்வுக்கு ஆன்லைனில் படிக்கிறாள். அவளுடைய அம்மா வாசலில் நின்றிருந்தார். லைன் இனி வராது, வேறு வழி செய்யும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். போன ஆடியில் நீ ஏறியதே இந்தப் பிள்ளைகளின் படிப்புக்காகத்தான் என்பதையும் சொன்னேன். நாலு திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றேன்.

"ஏனுங்க, இந்தக் காத்துல எங்கூட்டுக்காரரே கள்ளெறக்க ஏற மாட்டாருங்க" என்றார் அவர். "மரத்தை நம்பியே பொழைக்கறவங்க நாங்க. அவரு எங்களுக்காகத்தான் ஏறுனாருன்னு நீங்க சொல்லித்தானுங்க தெரியுது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா, காத்து நிக்கற மட்டும் எங்களுக்கு லைனே வேண்டாமுன்னு சொல்லியிருப்போமே. ஆருமே வந்து கேக்கலீங்களே." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கேட்டாயாடா? தோப்பைத் தாண்டினால் காலனி. அங்கே போய் ஒரு வார்த்தை கேட்க உனக்குக் கால் வரவில்லை, அவ்வளவு உயரம் ஏற மட்டும் வந்தது. தோப்புக்காரர்மேல் இருந்த கோபத்தை அவர் வாசலிலேயே கொட்டிவிட்டேன். உன்மேல் இருக்கிறதே, அதை நான் எந்த வாசலில் போய்க் கொட்டட்டும், சொல்லு.