காலருக்குள் மூன்று கோடுகள்

நீ விட்டுப்போன இன்னொரு ஜோடி காக்கி உடுப்பை இன்று பீரோவிலிருந்து எடுத்தேன். பையைப் பிரித்ததும் சவுக்காரமும் வெயிலும் மணந்தன. உண்ணி அண்டாமலிருக்க மருந்தில் முக்கிய துணி அப்படி மணக்கக் கூடாது.

அம்மா காலமான வருஷம் அது. மாதாமாதம் அவளுக்கு மாசிகத் திதி செய்ய இந்தக் கரமனை வீட்டில் நான் ஒருவன். நீ வயநாட்டுக் காட்டில், குரங்குக் காய்ச்சல் ஆய்வுக்காக உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தாய். தம்பிக்கு மட்டும் எல்லாவற்றிலிருந்தும் விடுதலை என்று எனக்கு எரிச்சல். அது இன்னும் முழுக்க ஆறவில்லை.

ஒவ்வொரு முறை வரும்போதும் சொல்வாய். "அண்ணா, இதைத் தோய்க்கப்படாது, கேட்டேளா? அஞ்சாறு தோய்ப்புக்கு மேல மருந்து நிக்காது. வெயிலும் ஆகாது. கறுப்புப் பையில கட்டி வச்சாப் போறும்."

"செத்த குரங்கைத் தொட்ட துணி. அம்மா வருஷத்தில ஆத்துக்குள்ள வரப்படாது" என்பேன் நான்.

"மடியாத் தோய்ச்சுக் குடுத்தா உண்ணிக்கு இலை போட்டு விருந்து வச்சாப்பலதான்!" என்று சிரித்தாய்.

நீ ஒவ்வொரு முறை தோய்த்ததும் காலருக்குள் மையால் ஒரு கோடு போடுவாய். ஐந்து கோடு ஆனதும் ஆபீஸில் மறுபடி மருந்தில் முக்கக் கொடுப்பாய். நீ வெளியே போனதும் நான் அந்தத் துணிகளை எடுத்துச் சவுக்காரம் போட்டு அடித்துத் தோய்த்தேன். மொட்டைமாடி வெயிலில் உலர்த்தி, பழையபடி மடித்துப் பைக்குள் வைத்தேன். ஒவ்வொரு முறையும். கோடு மட்டும் போடவில்லை. பையை நீ காட்டில்தான் பிரிப்பாய்.

கடைசியாக நீ புறப்பட்டபோது காலரில் மூன்று கோடு. அந்தக் கோடுகளுக்கிடையில் நான் தோய்த்ததோ எட்டுத் தடவையாவது இருக்கும். பத்தாம் நாள் காய்ச்சல். பிறகு மூக்கில் ரத்தம். அப்புறம் நீ இல்லை.

துணியில் மருந்து இருந்தாலும் உண்ணி கடித்திருக்கலாம் என்றார் டாக்டர். துணியை மருந்தில் முக்கிக் கொடுத்த ஸ்டோர் கிளார்க் ஏமாற்றிவிட்டான் என்று உன் மனைவி மீனா நம்பினாள். அவன்மேல் புகார் மனு எழுதித் தரச் சொன்னாள். நல்ல மலையாளத்தில், ஒரு பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். அவனை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

நான் வாய் திறந்தால் அவனுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். மீனா இந்த வீட்டை விட்டுப் போய்விடுவாள். தினமும் காலையில் உண்மையைச் சொல்லிவிட உன் ஆபீஸுக்கென்று கிளம்பி, பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன்.

"போன காரியம் ஆச்சாண்ணா?" என்று மீனா காபி தருகிறாள். வாங்கிக் குடிக்கிறேன்.