எழுந்து போன கூட்டம்

கள்ளக்குறிச்சி,
20.9.2004

அன்புள்ள செல்லனுக்கு,

கடைவீதி சாதுல்லா எழுதுவது. குடகுக் குளிரிலும் மழையிலும் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று துஆ கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கும் நலம் என்று எழுதுவது வழக்கம். இந்தத் தடவை அதை எழுத மனசு வரவில்லை. அதற்காகப் பயந்துவிடாதே. உன் பெண்சாதி சாலம்மாள் நன்றாக இருக்கிறாள். மகள் கமலா பள்ளிக்கூட விடுதியில் இருக்கிறாள், காலாண்டுப் பரீட்சைக்குப் படிக்கிறாளாம். உன் அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. உடம்பு விஷயத்தில் குறையில்லை. மற்றதெல்லாம் கெட்ட சேதிதான்.

நீ வேலை செய்யும் எஸ்டேட்டின் ரைட்டர் நம்பருக்கு நாலு நாள் போன் போட்டுப் பார்த்தேன். ஒருநாள் யாரோ எடுத்து, கன்னடத்தில் இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார்கள். அதனால்தான் கடிதம். இதைப் படித்ததும் மேஸ்திரியிடம் லீவு கேட்டுவிடு, மிச்சத்தை நின்றுகொண்டே படிக்கலாம்.

பூங்கா சமாச்சாரம் நீ வைகாசியில் கிளம்பும்போதே காதில் விழுந்ததுதான். அப்போது வதந்தி. நீ போன பிறகு கடைக்குக் கடை நோட்டீஸ் கொடுத்தார்கள். பளபளப்புக் காகிதம். மளிகைக் கடைக்காரனுக்கு ஒரு பொட்டலம் கட்டக்கூட உதவாது, வழுக்கிக்கொண்டு போகிறது. உங்கள் ஊர் ஈச்சங்காட்டுக்கு மேலே ஓடை இறங்குகிற இடத்தில் நூற்றிருபது ஏக்கரில் ‘இயற்கைக் கேளிக்கைப் பூங்கா’ கட்டப் போகிறார்களாம். ஓடையை மறித்துப் படகு விடுவார்கள். மலையில் அல்லாஹ் கொடுத்த அருவிகள் இருக்க, சிமெண்டில் ஓர் அருவி கட்டுவார்கள். மோட்டார் போட்டால் கொட்டும், நிறுத்தினால் நிற்கும். சிமெண்ட் கரடி ஆறு. மரத்துக்கு மரம் ஸ்பீக்கர் வைத்துக் குருவிச் சத்தம். கடைசிப் பக்கத்தில் ‘பழங்குடிக் குடில்’ என்று ஒரு படம். உங்கள் பெண்கள் உரலில் சாமை குத்துவதை வருகிறவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். அந்தச் சாமை எங்கே விளையும் என்று மட்டும் போடவில்லை. சாமை விளைகிற இடத்தில் கார் நிறுத்தப் போகிறார்கள். வரைபடத்தில் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறது. செல்லா, அது உன் காடு.

ஊரில் இரண்டு மாதமாக இதே பேச்சு. நாலு லாரி வைத்திருக்கும் உமர் பாரூக் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தால் நேராக என் கடை முன்னால்தான் நிற்பார். “ஆயிரம் பேருக்கு வேல கெடைக்கும் பாய். மலைக்கு பஸ்ஸு ஜாஸ்தி வுடுவான். இன்னும் எத்தினி நாளிக்கு அவங்க கடுக்கா பொறுக்கிக்கினு இருக்கறது?” என்பார். அணைத் தண்ணீரில் கரும்பு வைத்திருக்கும் அய்யனார் அவரை விடமாட்டார். “ஓடைய மறிச்சிட்டா அணைக்கு இன்னா வரும்? காத்தா வரும்?” என்று துண்டை உதறிக்கொண்டு நிற்பார். உளுந்தூர்பேட்டை ரோட்டில் மறியல் பண்ணுவேன் என்றார். கம்பெனிக்காரர்கள் அவர் வீட்டுக்கு இரண்டு தடவை போய் வந்தார்கள். பாசன வாய்க்காலைத் தூர்வாரிக் கொடுக்கிறோம் என்றார்களாம். அன்றிலிருந்து அய்யனார், “வளர்ச்சின்னு ஒண்ணு வேணுமில்ல?” என்று என்னையே கேட்கிறார். நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் புரளும்.

நான் எந்தக் கட்சி என்று கேட்பாய். கடையில் அந்த நேரத்துக்கு யார் சாமான் வாங்கிக்கொண்டிருக்கிறாரோ அவர் கட்சி. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அதுதான் வியாபாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் இருபத்தாறாம் தேதி வெள்ளிமலையில் பந்தல் போட்டுக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். ஈச்சங்காட்டிலிருந்து நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. ஆனாலும் அவர்கள் ஊரில் உட்காருகிற மாதிரியே தரையில் உட்கார்ந்தார்கள். உன் அப்பா முன்னால். திரையில் படம் காட்டினார்கள். சிமெண்ட் அருவியைப் பார்த்துச் செங்கம்மாக் கிழவி மட்டும் சிரித்தது. படம் முடிந்து, கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று அதிகாரி மைக்கில் சொன்னார். உன் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். வெளியே நடந்தார். அவர் பின்னால் சாலம்மாள், அவள் பின்னால் எல்லாரும். இரண்டு நிமிஷத்தில் தரை காலி.

அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் தெரியும் என்பதைத்தான் எழுத வருகிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஊர்ப் புளியை எல்லாம் மொத்தமாக எனக்கே கொடுக்க வேண்டும் என்று உங்கள் ஊர்க் கூட்டத்தில் கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? எல்லார் முகமும் சரி என்று சொன்னது. செங்கம்மா எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போய்விட்டது. அவ்வளவுதான், கூட்டமே எழுந்துவிட்டது. ஒரு கிழவிக்காகவா என்று நான் குதித்தேன். நீதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒரு வூடு எழுந்தாலும் அந்தப் பேச்சி செத்துப்போச்சி பாய். எங்க ஊர்ல வேணாம்னு வாயால சொல்றதில்ல” என்றாய். அப்படி ஒரு பாடம் படித்தவன் நான். கள்ளக்குறிச்சி கடைவீதியில் இது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

சாலம்மாள் பந்தல் கால் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தாள். “வாங்க பாய், பேச்சி முடிஞ்சிபோச்சி” என்றாள். நான் முன்வரிசை நாற்காலியில் இருந்தேன். கையில் கம்பெனிக்காரன் கொடுத்த டீ. அதைத் தூக்கிக் காட்டி, “நீ போம்மா, குட்ச்சிட்டு வர்றேன்” என்றேன்.

அவர்கள் சந்தோஷமாகத்தான் போனார்களாம். வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, இனி ஒன்றும் நடக்காது என்று வழியெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். இங்கே பந்தலில் அதிகாரி, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று மூன்று தடவை கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நிறுத்தி நிதானமாகத்தான் கேட்டார். உமர் பாரூக் பேசினார். அய்யனார் பேசினார். மலைக்காரர்கள் ஏன் போய்விட்டார்கள் என்றும் அதிகாரி கேட்டார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. “மழைக்குப் பயந்துகினு போறாங்க சார்” என்றான் கம்பெனிக்காரன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். பிறகு அதிகாரி என்னைப் பார்த்து, மலையோடு வியாபாரம் செய்கிறவர் நீங்கள், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். மழைக்காகப் போகவில்லை ஐயா, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். “ரோடு வந்தா நல்லதுதானுங்க” என்றேன்.

ஏன் என்று நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பூங்கா வாசலில் ஒரு கடை. தேன், சாமை, கடுக்காய், மலை வாழை எல்லாம் விற்கிற கடை எனக்கு என்று அதற்கு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார்கள். போர்டுக்கு என்ன கலர் அடிப்பது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். உன் காட்டில் கார் நிற்கும், உன் காட்டுச் சாமையை நான் விற்பேன். இந்த இரண்டையும் சேர்த்து ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்காமல் இருக்கவும் ஒரு திறமை வேண்டும்.

பத்து நாள் கழித்து உன் காட்டில் கல் நட்டுவிட்டார்கள். சாமை அப்போதுதான் கதிர் பிடிக்கிறது. நடுவில் எட்டுக் கல், தலையில் சிவப்புப் பெயிண்ட். சாலம்மாள் இறங்கி என் கடைக்கு வந்தாள். “நாங்கதான் எழுந்து வந்துட்டமே பாய், அப்பறம் எப்டி கல்லு நடுவாங்க?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல் கேட்டாள். ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த கூட்ட நடவடிக்கையின் நகல் ஒன்றை யாரிடமோ வாங்கி வந்திருந்தாள். படித்துச் சொல்லுங்கள் என்று நீட்டினாள். படித்தேன். “ஈச்சங்காடு மக்கள் மழை காரணமாகக் கலைந்து சென்றனர். கூட்டத்தில் இருந்தவர்களில் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. பின்வருவோர் திட்டத்தை வரவேற்றுப் பேசினர்.” அதற்குக் கீழே பெயர்கள். உமர் பாரூக் என்று படித்தேன். அய்யனார் என்று படித்தேன். இன்னும் நாலு பேர் படித்தேன். முடிந்தது என்று மடித்துக் கொடுத்தேன்.

“ஒரு பேரு வுட்டுட்டீங்களே பாய்” என்றாள்.

அவள் அஞ்சாவது வரைக்கும் படித்தவள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. காகிதத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு ஈச்சங்காட்டிலிருந்து ஒருத்தர்கூட என் கடைப் படி ஏறவில்லை. சீத்தாப்பழக் கூடைகள் என் கடையைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போகின்றன. யாரும் திட்டவில்லை, சண்டைக்கு வரவில்லை. வந்து நாலு வார்த்தை திட்டினால் நானும் பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றிக்கொள்வேன்.

வீட்டில் ரோஷன் பீவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கையில் சூடான டீ இருந்தது, சட்டென்று எழுந்திருக்க முடியவில்லை என்று அவளிடமும் சொல்லிப் பார்த்தேன். “கமலா பொறந்தப்ப சாலம்மா பத்து நாளு நம்ம வூட்லதான் கெடந்தா. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கஞ்சி கொண்டும்போனேன். அந்தப் பொண்ணு திரும்பி நின்னு கூப்ட்டிருக்கு, உங்களுக்கு டீ பெர்சா பூட்ச்சா?” என்றாள். சோறு போடுகிறாள். பேசுவதில்லை.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எழுத்து மூலமாக ஆட்சேபம் கொடுக்க அக்டோபர் நாலாம் தேதி சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது. இதைச் சொல்ல நான் வெட்கத்தை விட்டு மலைக்குப் போனேன். உன் அப்பா உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். மனுவை எழுதிக்கொண்டுதான் போயிருந்தேன், ஒரு கைநாட்டு வைத்தால் போதும் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். “வேணாம்னு ஒரு தபா எழுந்தாச்சி. மறுபடியும் போயி காயிதத்துல வேணாம்னா, மொதல்ல எழுந்தது பொய்யின்னு ஆயிடும். எழுந்துபோன கூட்டத்துல எழுதுன எழுத்து செல்லாதுபா” என்றார். செல்லும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். அவர் வைக்காத கைநாட்டை அந்த ஊரில் வேறு யாரும் வைக்க மாட்டார்கள். ஊரே அந்த நம்பிக்கையில் களை எடுத்துக்கொண்டிருக்கிறது. கல்லைச் சுற்றியும் எடுக்கிறார்கள்.

நானே கொடுத்துவிடலாம் என்று ஆபீசுக்கும் போனேன். வரவேற்றவர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதே, அதோடு நிலம் உங்களுடையது இல்லையே என்று கேட்டார்கள். மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். பட்டா இல்லாவிட்டாலும் அந்தக் காட்டுக்கு வருஷா வருஷம் ஆக்கிரமிப்பு அபராதம் கட்டிய ரசீதுகள் உன் பெயரில் இருக்கின்றன. சாலம்மாள் பெட்டியில் வைத்திருப்பாள். ஆக, எழுதிக் கொடுக்க உரிமை உள்ளவன் நீ ஒருத்தன்தான். உன் அப்பாவிடம் பேசக் கூடியவனும் நீதான். அவர் எழுந்தது பொய் ஆகாது, கீழே இருப்பவர்களுக்கு அந்தப் பாஷை தெரியாது, அதனால் எழுதிக் காட்டுகிறோம் என்று சொல். நான் சொன்னால் ஏறாது.

சேலம் வந்தால் சின்னசேலத்துக்கு எப்போதும் பஸ் இருக்கிறது. அங்கிருந்து வா. மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நாலாம் தேதி திங்கள். அதனால் ஒன்றாம் தேதிக்குள் வந்துவிடு. என் முகத்தில் விழிக்க இஷ்டமில்லை என்றால் கடைப்பக்கம் வராதே, நேராக மலைக்குப் போய்விடு. வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனாலும் போ.

மனுவில் ஒன்று மட்டும் கவனி. சாதுல்லா வரவேற்றுப் பேசியதாக எழுதியிருப்பது பொய் என்று, பழைய சிநேகிதத்துக்காக எழுதிவிடாதே. ஈச்சங்காட்டார் எழுந்து போனது மழைக்காக அல்ல, வேண்டாம் என்பதற்காக என்று எழுது. அது தெரிந்த ஒருத்தன் முன்வரிசையில் இருந்தான், அதிகாரி கேட்டும் தெரிந்தே சொல்லாமல் விட்டான் என்று எழுது. என் பெயரையும், என் அப்பா பெயரையும், கடை விலாசத்தையும் போடு. கடைவீதி என்ன பேசினாலும் பேசட்டும், பூங்கா வாசல் கடை போனால் போகட்டும். அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மனுவின் அடியில் சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் இடம் விட்டு வை, செல்லா.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும்,
சாதுல்லா