அவரைக் கொடியும் புள்ளி வண்டும்

1935 டிசம்பர் 2
அவரையில் கறுப்புச் செடிப்பேன் விழுந்திருக்கிறது. கொழுந்தைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. பூவெல்லாம் கருகிக் கொட்டுகிறது.

என் மகள் ஆனிமேரி ஆடியில் ஊன்றிய விதை. ஐப்பசியில் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். கொடி பந்தல் ஏறி ஓட்டுக்கு மேலேயும் படர்ந்துவிட்டது. பிள்ளை கையால் வைத்ததில் எனக்கு மிச்சம் இது ஒன்றுதான்.

டிசம்பர் 4
என் வீட்டுக்காரர் கொல்லைப் பக்கம் வருவதே இல்லை. மில்லுவிட்டு வந்தால் வாசலோடு சரி. இன்று சாப்பிடும்போது சொன்னார், "பூச்சி புடிச்ச கொடி எதுக்கு? அறுத்துப் போட்டுருவோம்." பார்க்கத் தாங்காமல்தான் சொல்கிறார், தெரியும்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறுங்க. பூச்சிய ஒழிச்சுக் காட்டுறேன்" என்றேன். அவர் கை கழுவ எழுந்தார். சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 5
பனி ஈரம் காயுமுன் அடுப்புச் சாம்பலைத் தூவினேன். கொடியில் புள்ளி வண்டும் இருக்கிறது. போன வருஷம் கத்தரி இலையைச் சல்லடையாக்கின சனியன். ஒவ்வொன்றாகப் பிடித்து மண்ணெண்ணெய்த் தண்ணீரில் போட்டேன்.

டிசம்பர் 6
அதே வேலை. வண்டு பிடிக்கும்போது அழுகை வருவதில்லை.

டிசம்பர் 11
வண்டு ஒன்றுகூட இல்லை. பேன் மட்டும் முன்னைவிட அதிகம். தண்டே கறுத்துவிட்டது. என்ன குறை வச்சேன்? அவளுக்கும் இப்பிடித்தான், கஷாயம், ஆஸ்பத்திரி மருந்து, வேண்டுதல் — எல்லாம் பார்த்தேன். நான் தொட்டா எதுவும் தங்காதா?

அவள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சிவப்பு ரிப்பனைக் காணோம். கல்லறைக்கு அவளோடு போயிருக்கும்.

டிசம்பர் 14
அடுத்த வீட்டு மலையம்மாளிடம் ஏணி இரவல் வாங்கி ஓட்டில் ஏறினேன். என் கை எட்டாத அந்த இடத்தில் கொழுந்து பச்சைப் பசேலென்று இருக்கிறது. பூ நிற்கிறது. வண்டும் இருக்கிறது.

இதென்ன கூத்து என்று உட்கார்ந்து பார்த்தேன். வண்டு பேனைப் பிடித்துத் தின்கிறது. இலையைத் தொடவே இல்லை. கத்தரி வண்டு மங்கல் நிறம், முதுகெல்லாம் புள்ளி. இது நல்ல சிவப்பு, எண்ணெய் தடவினது போல் மினுங்குகிறது, புள்ளியும் கொஞ்சம்தான். பக்கத்தில் முதலைக்குட்டி போல ஒரு கறுப்புப் புழு. அதுவும் பேனைத்தான் தின்கிறது. அதையும் நான் நசுக்கியிருக்கிறேன்.

கீழேயிருந்து மலையம்மாள், "என்னக்கா, ஓட்டு மேல தவமா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப இம்புட்டு நாளா போலீசுக்காரன அடிச்சுப்புட்டு திருடனுக்குப் பந்தல் போட்டு வச்சிருக்க."

சிரித்துவிட்டேன். ஐப்பசிக்குப் பிறகு இன்றுதான். சிரித்தது தப்போ என்று பட்டது. கொஞ்ச நேரத்தில் அப்படிப் படவில்லை.

டிசம்பர் 15
ஓட்டின் மேலிருந்த வண்டையும் புழுவையும் இலையோடு கிள்ளிக் கீழ்க்கொடியில் விட்டேன். ரொம்பக் கெட்ட கொழுந்தை ஒடித்து அடுப்பில் போட்டேன். சாம்பல் இனி இலைக்கு இல்லை, எறும்பு ஏறாதபடி வேரடிக்கு மட்டும். பேன் விடுகிற இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு ஏறி வண்டை விரட்டுகிறதே.

கத்தரியில் மட்டும் பழையபடி வண்டு பிடிக்கிறேன். அங்கே அது திருடன்தான்.

டிசம்பர் 20
பேன் குறைகிறது.

டிசம்பர் 24
அவர் அரிவாளோடு கொல்லைக்கு வந்தார். கொத்துக் கொத்தாகப் பூ நிற்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வண்டு இருக்கே" என்றார்.

"அது நம்ம ஆளு."

வேலியில் ஒரு கம்பை வெட்டி, சாய்ந்த பந்தலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

1936 ஜனவரி 19
முதல் காய் மாதா கோயிலுக்கு. அடுத்தது மலையம்மாளுக்கு ஒரு மடி. "திருடன் ஓடிட்டானா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினாள்.

விதைக்கு விடுகிற காயில் அடையாளத்துக்குத் துணி கட்டுவோம், யாரும் பறித்துவிடாமல் இருக்க. பழைய சேலையில் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் அவர் ஒரு கொத்தில் கட்டி முடித்திருந்தார். சிவப்பு ரிப்பன். இத்தனை நாளும் சட்டைப் பையில் வைத்திருந்திருக்கிறார்.

என் கையிலிருந்த துணியைப் பக்கத்துக் கொத்தில் கட்டினேன்.