மேஜர் ஐயா தனியாகப் போகவில்லை

ஒரகடம்
5.12.2025

அன்பு மகள் ரஞ்சனிக்கு, அப்பா சின்னப்பையன் என் சொந்தக் கையால் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும். இதை எழுதி முடிக்க எனக்கு மூன்று நாள் ஆகும். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “கலெக்டர் ஃபைல் பாக்கறாரு, யாரும் பேசாதீங்க” என்று கேலி செய்கிறாள், செய்யட்டும். முதியோர் எழுத்து வகுப்பில் டீச்சர் சத்யப்பிரியா எனக்குத்தான் முதல் பரிசாக சோப்பு டப்பா கொடுத்தார். கம்பெனி பஸ் போர்டு எல்லாம் இப்போது படிக்கிறேன், பஸ் நிற்காமல் போனால் மட்டும் பாதி எழுத்து ஓடிவிடுகிறது.

நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் மேஜர் ஜீவானந்தம் ஐயாவுக்குக் கல் வைக்கிறார்கள். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் நான் சமையல்காரனாக இருந்த பட்டாளத்துக்கு அவர்தான் அதிகாரி, டெல்லியில் பதக்கம் வாங்கியவர், போன வருஷம் காலமானார். அவர் மகன் ரகுபதி சார் கல்லைப் பார்க்க என்னையும் கூப்பிட்டார். நான் விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். எதிரியின் பதுங்குகுழிக்குத் தண்ணியாகச் சென்று என்று வந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னா சார் இது, ஐயா ரம்மு தொடக்கூட மாட்டாரு, தண்ணி போட்டுக்கினு சண்டைக்குப் போனாருன்னு கல்லுல வெட்டி வச்சிகீறீங்க” என்று கத்திவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ரகுபதி சார் என் தோளைப் பிடித்து, “தண்ணி இல்ல பெரியவரே, தனி. தனியாகச் சென்று” என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன், பிறகு யோசித்தால் அதுவும் தப்பு.

ஐயா தனியாகப் போகவில்லை. அன்று விடியும் நேரத்தில் வாய்க்கால் கரைக்கு நான் டீ கொண்டு போயிருந்தேன், ஐயாவும் சிப்பாய் ராயனும் என் கண் எதிரே வயிற்றால் ஊர்ந்து போனார்கள், ராயன் முன்னால். சத்தம் நின்ற பிறகு காலில் குண்டோடு ஐயா மட்டும் வந்தார், ராயன் அங்கேயே கிடந்தார். இதைச் சொன்னதும் ரகுபதி சார் வீட்டுக்குப் போய் பதக்கத்துக்காகப் பட்டாளத்தில் எழுதிய ஒரு பழைய காகிதம் கொண்டுவந்தார். ஐயா தனியாகப் போனதை நான் பார்த்ததாக அதில் இங்கிலீஷில் இருக்கிறதாம், அடியில் என் கைநாட்டு. இரண்டு பேர் என்றுதான் அன்றைக்கும் சொன்னேன், கிளார்க் காட்டிய இடத்தில் விரலை வைத்தேன், வேறு என்ன தெரியும். இப்போது என் பேச்சை யார் நம்புவது? ஐயா இதை எப்படிச் சொல்வார் என்று கேட்டேன். சார் காகிதத்தை மடித்து வைத்தார். “போனோம், பிடிச்சோம்னுதான் எப்பவும் சொல்வார். அடக்கத்துல அப்படிச் சொல்றார்னு நாங்க நெனச்சிட்டோம்” என்றார். உடனே கல் வெட்டுகிறவருக்கு போன் போட்டு, வேறு கல் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் ராயனின் முழுப் பெயர் எனக்குத் தெரியாது, பட்டாளத்தில் எல்லாருக்கும் அவர் ராயன்தான். மணிமங்கலத்தில் இருக்கும் அவர் சம்சாரம் தாயாரம்மாளிடம் போனேன். முகாமில் குண்டு விழுந்து இறந்தார் என்றுதான் அந்த அம்மாவுக்கு அப்போது சொல்லியிருக்கிறார்கள். நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன், அழவில்லை, “முன்னால போனாரா” என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். பெயரைக் கேட்டால் வாய் திறக்கவில்லை, புருஷன் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லையாம். “செதம்பரத்துல சாமி இன்னா பண்ணுது, அத்த முன்னால போட்டுக்கோண்ணா” என்றார். ஆட்டமா என்றேன். “ஆட்டம் இல்லண்ணா, அதுக்கே பெருசா ஒரு பேரு கீது” என்றார். நடனம் என்றேன், கூத்து என்றேன், கடைசியில் தாண்டவம் என்று பிடித்தேன். தாண்டவராயன் என்று காகிதத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை விரலை நகர்த்திப் பார்த்துவிட்டு, “இம்மா நீளமா?” என்றார். காகிதத்தைத் திருப்பித் தரவில்லை. கல் வெட்டுகிறவருக்கு நான் வேறு ஒன்று எழுத வேண்டியதாயிற்று.

பதினாறாம் தேதி கல் திறப்பு, இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில். தாயாரம்மாளை ஆட்டோவில் நான்தான் கூட்டிப் போகிறேன். வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. போனில் பதில் சொல்லிவிடாமல் கடிதமாகவே எழுது, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடு. நீங்கள் மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு உன் அப்பா,
ச. சின்னப்பையன்