ஒரே பையுடன் அறுபத்து நான்கு குடும்பங்கள்

அனுப்புநர்:
வாசற்கதவில் ‘தயார்நிலைக் குடும்பம்’ என்ற ஸ்டிக்கர் ஒட்டப்பட்ட வீடொன்றின் குடும்பத் தலைவன்,
கால்வாய்க் கரை வரிசை வீடுகள்.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
பேரிடர் தயார்நிலைப் பிரிவு,
நகர அலுவலகம்.

பொருள்: ஒரே அவசரகாலப் பையை அறுபத்து நான்கு வீடுகளில் வைத்துப் படம் எடுத்து, அறுபத்து நான்கு பைகள் வழங்கியதாகப் பதிவு செய்தது – அதனால் வெள்ளத்தன்று என் அக்கா கைவிடப்பட்டது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக முகப்பில் மாட்டப்பட்டுள்ள புகைப்படப் பலகை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பத்து மாதங்களாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும். அது பொறுமை என்று தாங்கள் நினைத்துவிட வேண்டாம். எதற்கெடுத்தாலும் புகார் எழுதுகிறவன் என்ற பெயர் இந்தத் தெருவில் எனக்கு ஏற்கெனவே உண்டு. அதை மேலும் வளர்க்க வேண்டாம் என்று என் மனைவி கேட்டுக்கொண்டார். கடந்த செவ்வாய்க்கிழமை நடந்ததற்குப் பிறகு அவரே பேனாவை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

2. நாங்கள் நான்கு பேர். நான், மனைவி, பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள், என்னைவிடப் பதினான்கு வயது மூத்த அக்கா. அக்காவுக்கு மூச்சிரைப்பு. ஒரு கையில் இன்ஹேலர் இல்லாமல் அவர் வாசல்வரைகூடப் போவதில்லை. வீடு மூன்று அறைகள்; சமையலறைக்கு மேல் ஒரு பரண். வாசற்படியிலிருந்து கால்வாய் முப்பது அடி.

3. முப்பது அடியில் கால்வாயை வைத்துக்கொண்டு தூங்குகிறவனுக்குத் தயார்நிலை என்றால் என்ன என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. தங்கள் திட்டம் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கியது. மகளின் பழைய பள்ளிப் பை. ஜிப் போய்விட்டதால் மூன்று ஊக்குகள் குத்தியிருந்தோம். உள்ளே டார்ச், தனியாகச் சுற்றிய பேட்டரிகள், அக்காவின் மாற்று இன்ஹேலர், பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்கள், பிஸ்கட், தீப்பெட்டி, மகள் விளையாட்டு வகுப்புக்கு வாங்கிய விசில். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அதைத் தரையில் கொட்டிச் சரிபார்ப்பேன். “என்னடா, இன்னைக்காவது கிளம்புறியா?” என்று அக்கா கேட்பார். மாதாமாதம் அதே கேலி, மாதாமாதம் நாங்கள் சிரிப்போம்.

4. சென்ற ஆண்டு மழைக்கு இரண்டு மாதம் முன்பு தங்கள் பகுதி மேற்பார்வையாளர் ஒரு புகைப்படக்காரருடன் வந்தார். தோளில் புத்தம்புதிய ஆரஞ்சு நிறப் பை. டார்ச், விசில், முதலுதவிப் பெட்டி, கயிறு, தண்ணீர்க் குப்பி, சிறிய ரேடியோ, ஆவணங்களுக்கான உறை என ஏழு பொருள்கள். ஆணியில் தொங்கிய எங்கள் பையைப் பார்த்துவிட்டு, “அத ஓரமா தள்ளுங்க சார், படத்துல அசிங்கமா விழும்” என்றார். தள்ளினேன்.

ஆரஞ்சுப் பையை மகள் தூக்கியபோது அதன் இடது தோள்வார் அறுந்தது. என் மனைவி அப்போது மகளின் பள்ளிப் பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தார். பாவாடை பச்சை என்பதால் ஊசியில் இருந்ததும் பச்சை நூல். கிழிந்த எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. அங்கேயே உட்கார்ந்து, பெருக்கல் குறிபோலக் குறுக்கும் நெடுக்குமாக அழுத்தித் தைத்தார். “நல்லா தைங்க அக்கா, இன்னும் நெறைய வீட்டுக்குப் போகணும்” என்றார் மேற்பார்வையாளர். அந்த வாக்கியத்தை என் காது கேட்டது. மூளை கேட்கவில்லை.

பிறகு படம். பை என் தோளில், டார்ச் அக்கா கையில், விசில் மகளின் உதட்டில். “ஊத வேணாம் பாப்பா, சும்மா வாயில வெச்சுக்கோ” என்று அவளுக்கு அறிவுரை. தங்கள் துறை என் மகளுக்கு அளித்த பயிற்சி முழுவதும் அந்த ஒரு வரிதான்.

5. பதிவேட்டை நீட்டினார். ‘ஏழு பொருள்கள் அடங்கிய பையையும் உரிய பயிற்சியையும் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சிட்டிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியும், ஐயா. தேவைக்கு மேலேயே படித்தவன். “பையை நீங்கள் எடுத்துப் போகிறீர்களே” என்று கேட்டேன். “இது சாம்பிள் சார். உங்களுக்கு அடுத்த வாரம் புதுசு வந்துடும்” என்றார். கையெழுத்துப் போட்டேன். வாசற்கதவில் கண் மட்டத்தில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு முறை தேய்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

6. இனி வருவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது; ஆனால் முழுப் புகாரும் இதில்தான் இருக்கிறது. புதுப் பை வருகிறது என்பதால் பழைய பையை நாங்கள் மெல்ல மெல்லக் கலைத்துவிட்டோம். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. மின்சாரம் போன ஒரு நாள் டார்ச்சை எடுத்தேன், திரும்ப வைக்கவில்லை. சான்றிதழ்கள் பீரோவின் அடித்தட்டுக்குப் போயின; மாற்று இன்ஹேலரும் அங்கேயே. விசில் மகளின் மேசை இழுப்பறைக்குள் போனது. பிஸ்கட்டைத் தின்றோம். காலிப் பையைப் பழைய சாமான் வாங்குகிறவர் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் முதல் தேதி நான் எதையும் சரிபார்க்கவில்லை. அக்கா எதையும் கேட்கவில்லை. தயாராக இருந்த ஒரு குடும்பம், தயார்நிலைக் குடும்பம் என்று சான்று வாங்கியதால் வெறுங்கையோடு நின்றது.

7. வெள்ளத்தன்று காலை ஒன்பதரைக்குத் தண்ணீர் வாசற்படி ஏறியது. பத்து மணிக்கு முழங்கால். பதினொன்றுக்கு இடுப்பு. அக்காவைப் பரணில் ஏற்றினோம். நான் கீழிருந்து தோள் கொடுக்க, மனைவியும் மகளும் மேலிருந்து இழுக்க, அவர் ஏறி முடிக்க கால் மணி நேரம் ஆனது. பீரோவின் அடித்தட்டும் விசில் கிடந்த மேசை இழுப்பறையும் அதற்குள் தண்ணீருக்கடியில். கையில் இருந்த இன்ஹேலர் பன்னிரண்டு மணியோடு தீர்ந்தது.

பன்னிரண்டரைக்குத் தங்கள் ரப்பர் படகு வந்தது. இரண்டு பேர். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். படகு எங்கள் வாசலில் நின்றது. ஒருவர் கதவைப் பார்த்தார். “இது தயார் வீடுப்பா. இவங்ககிட்ட எல்லாம் இருக்கும். முதல்ல ஸ்டிக்கர் இல்லாத வீடு” என்றார். நோயாளி இருக்கிறார், மூச்சு விட முடியவில்லை என்றேன். “அவசரம்னா மூணு தடவ விசில் ஊதுங்க சார். பையில குடுத்திருக்காங்கல்ல? திரும்பி வந்துருவோம்” என்றார் மற்றவர். கேலி செய்யவில்லை, ஐயா. நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். படகு போய்விட்டது.

என் மகள் இரண்டு விரல்களை வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. பிறகு ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துப் பரண் விளிம்பில் உட்கார்ந்து மும்மூன்றாகத் தட்டினாள். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். மூன்றரை மணி நேரம். அவளுக்குப் பக்கத்தில் அக்கா உதடு நீலம் பாரித்துச் சுவரில் சாய்ந்திருந்தார்.

8. நான்கு மணிக்கு வந்தவர் தங்கள் ஊழியர் அல்ல. பக்கத்து வீட்டு மெத்தைக் கடைக்காரர். அவருடைய பஞ்சடிக்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்காக அவரோடு ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாதவன் நான். அவர்மீதும் ஒரு மனு போட்டிருக்கிறேன். படம் எடுக்க வந்தவர்களை “எனக்கு வேல இருக்கு, போங்கய்யா” என்று அனுப்பியவர் அவர். அதனால் அவர் கதவில் ஸ்டிக்கர் இல்லை. அதனால் படகு அவரைத்தான் முதலில் ஏற்றிச் சென்றது. கரையேறியவர் எங்கள் வீட்டிலிருந்து யாரும் வந்து சேரவில்லை என்று தெரிந்ததும், கடைக் கிடங்கிலிருந்து ஒரு ஃபோம் மெத்தையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கழுத்தளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். அக்காவை அதில் படுக்க வைத்தோம். “தட்டுற சத்தம் முக்கு வரைக்கும் கேட்டுச்சு சார். உங்க வீட்டுச் சத்தத்துக்கு இனி நானும் மனு போடலாம்” என்று வழியில் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அதைத் தண்ணீர் என்று விட்டுவிட்டேன்.

9. அக்கா பிழைத்தார். பதினொரு நாள் மருத்துவமனை. எங்கள் தெருவில் உயிர்ச்சேதம் இல்லை என்று தங்கள் அறிக்கை சொல்வது சரிதான். முன்பு வாசல்வரை நடந்தவர் இப்போது கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வரவே இரண்டு முறை நிற்கிறார். இனி ஒரு முறை பரணில் ஏற அவரால் முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதை மருத்துவர் சொல்லித் தெரிய வேண்டிய நிலையிலும் நாங்கள் இல்லை.

10. நான்கு மாதங்களுக்கு முன், ஊறிப்போன சான்றிதழ்களுக்கு நகல் கேட்டுத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தோம். முகப்பில் அந்தப் பலகை. ‘நூறு விழுக்காடு தயார்நிலை’ என்ற தலைப்பின் கீழ் அறுபத்து நான்கு குடும்பங்கள், அறுபத்து நான்கு ஆரஞ்சுப் பைகள். மனைவி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு படமாக விரலை நகர்த்தினார். “இது என் தையலுங்க. இதுவும் என் தையல். இங்க பாருங்க, இதுவும்” என்றார். எங்கள் வீட்டுக்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு படத்திலும் இடது தோள்வாரில் பச்சைப் பெருக்கல் குறி. எத்தனையோ பேர் கடந்துபோகும் இடத்தில் இந்த வெட்கங்கெட்ட பலகை விளக்கு வெளிச்சத்தோடு தொங்குகிறது. அப்போதும் நான் பேசாமல் வீடு திரும்பினேன்.

11. இனி செவ்வாய்க்கிழமை. மேற்பார்வையாளர் மறுபடி வந்தார். ஆண்டுப் புதுப்பிப்பாம். தெருவில் இப்போது அவருக்குப் ‘பைக்காரர்’ என்றே பெயர். அதே பை. அதே பச்சைத் தையல். ஒரு நூல்கூடப் பிரியவில்லை. பழைய ஸ்டிக்கரை நான் கத்தியால் சுரண்டியும் வராததால் மேலே காகிதம் ஒட்டி மறைத்திருந்தேன். தங்கள் துறையில் உறுதியான பொருள் அந்தப் பசை ஒன்றுதான். அவர் என் காகிதத்தின் மேலேயே புது ஸ்டிக்கரை ஒட்டினார்.

நாற்காலியிலிருந்து அக்கா சொன்னார்: “பையக் கீழ வெச்சுட்டுப் போ தம்பி. படம் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ.”

“ஐயோ அம்மா, இன்னும் பதினாறு வீடு பாக்கி இருக்கு” என்று அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஆம், ஐயா. மறுபடியும் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. ஒரு பதிவேடு, ஒரு பேனா, மேலே நாற்பத்தேழு கையெழுத்துகள், காத்துக்கொண்டு நிற்கும் ஒருவர், அவ்வளவுதான். கை தானாகப் போனது. அவர் போன பிறகு அக்கா மூச்சைச் சேர்த்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “பேனா நல்லா எழுதுச்சாடா?”

அன்றிலிருந்து அவர் என்னுடன் பேசவில்லை.

12. எனவே தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது: அந்த ஸ்டிக்கர் ஒட்டிய வீடுகளைப் படகுகள் கடந்துபோகக் கூடாது என்று மழைக்கு முன் எழுத்தில் உத்தரவு வேண்டும். எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்ற பட்டியல் படகுக்காரர் கையில் இருக்க வேண்டும். கதவைப் பார்த்து அவர் தீர்மானிக்கக் கூடாது. மீதி அறுபத்து மூன்று பைகள் எங்கே என்று தாங்கள் விசாரிப்பீர்களோ மாட்டீர்களோ, அது தங்கள் மனச்சாட்சி. குறைந்தது அந்த ஒரு பையையாவது ஏதாவது ஒரு வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்கு வேண்டாம். மகள் தன் இப்போதைய பள்ளிப் பையைக் காலி செய்து கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறாள். புத்தகங்களைத் துணிப்பையில் கொண்டுபோகிறாள். விசிலை அவள் கழுத்திலிருந்து கழற்றுவதே இல்லை. மெத்தைக் கடைக்காரர் ஒரு ஃபோம் மெத்தையைச் சுற்றி எங்கள் முன்னறையில் நிறுத்தி வைத்திருக்கிறார்.

13. மனு என்றால் கையெழுத்து வேண்டும் என்பதும், கையெழுத்தில்லாத மனுவைக் கிழித்துப் போடுவது வழக்கம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் என் கையெழுத்து தங்கள் பதிவேட்டில் ஏற்கெனவே இரண்டு இடத்தில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் பொய்க்குக் கீழே இருக்கிறது. அதே கையெழுத்தை எடுத்து இந்த உண்மைக்குக் கீழே வைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நான் யார் என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால் தங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எங்கள் தெருவுக்கு நேரில் வந்து கேட்கலாம். ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அப்படியே அக்காவையும் பார்க்கலாம். வர நேரமில்லை என்றால், சென்ற ஆண்டுப் படங்களை வரிசை எண்படி மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றிலும் பையின் இடது தோள்வாரைப் பாருங்கள். பச்சைத் தையல் எந்தப் படத்தில் முதலில் தெரிகிறதோ அந்த வீட்டுக்காரன் நான். மற்ற அறுபத்து மூன்று படங்களையும் தாங்கள் ஒரு முறையாவது உற்றுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைக் கையெழுத்திடாமல் தபாலில் சேர்க்கிறேன்.

இடம்: கால்வாய்க் கரை
நாள்: மழைக்கு ஆறு வாரம் முன்பு

இப்படிக்கு,